மச்சான் போட்ட ஒட்டு

வாயாடிக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வயதில் ஒரு மனிதனுக்குப் பிடிக்காதவை ஆயிரம் இருக்கலாம். அவனுக்கு இரண்டே இரண்டுதான். ஒன்று, பேசாமல் இருப்பது. மற்றது, மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை பார்ப்பது. அன்று காலை பதினொரு மணிக்கு, போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கத்தில், முறிந்து கிடந்த ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் அவன் மல்லாந்துதான் கிடந்தான். பக்கத்தில், கையில் டார்ச்சுடன், அவனுடைய அண்ணி.

“அண்ணி, இது அப்படியே என் மேல உக்காந்துருச்சுன்னா அண்ணன்கிட்ட என்ன சொல்வீங்க?”

“உங்க தம்பி ஒரு நாளாவது வாயை மூடினார்னு சொல்வேன். போட்டோ எடு.”

அண்ணி என்பது வீட்டு உறவு. தொழிலில் அவர் துப்பறிவாளர், இவன் அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நசுங்கிய வண்டிகளுக்கு அடியில் படுத்துப் படுத்து எழுந்தவர் அவர். வண்டி பொய் சொல்லாது, வண்டிக்காரன்தான் சொல்லுவான் என்பது அவர் கட்சி.

இந்த வண்டிக்காரர் இப்போதைக்குப் பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். பன்னிரண்டு வருடத்து வண்டி. அதன் முதுகெலும்பான சேஸிஸ் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தார், போனில் வீடியோ பார்த்தார், வீட்டுக் கொட்டகையிலேயே வண்டிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, ஒரு வாரம் தானே தகடு வைத்து ஒட்டுப் போட்டார். திங்கட்கிழமை, எழுபது கேன் ஏற்றிக்கொண்டு பாலத்துச் சரிவில் இறங்கும்போது, கேபினுக்குப் பின்னால் வலது பக்கச் சேஸிஸ் இரண்டாக முறிந்து, வண்டி சுவரில் போய்ச் சொருகிக்கொண்டது.

அவர் மனைவி தையல்காரி. இன்று, புதன்கிழமை காலை எட்டு மணிக்கே அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

“வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில. எங்கண்ணன் லாக்கப்ல. சாயங்காலம் நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிட்டா அப்புறம் ஜெயில்தானாம். கொலை முயற்சின்னு எழுதியிருக்காங்க. எனக்கு ரெண்டு பேருமே வேணுங்க.”

அவளுடைய அண்ணன் ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்ப விருந்தில், நாலு பேர் நடுவில், “எங்க மாப்பிள்ளைக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். கேன்காரர் அன்றோடு மச்சானிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அப்படிப்பட்ட மச்சான், போன சனிக்கிழமை, கேன்காரர் பெயிண்ட் வாங்க டவுனுக்குப் போயிருந்த நேரத்தில், இந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். முறிந்த இடத்தில் யாரோ ஒட்டை அரைத்து எடுத்துவிட்டு, மேலே கண்துடைப்புக்கு ஒன்று போட்டு வைத்திருப்பதாகப் போலீஸ் மெக்கானிக் சொல்லிவிட்டார். இதெல்லாம் போதாதென்று, வெல்டரே “என் தப்புதான்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இதற்கு மேல் போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

“இங்க பாரு. என்ன தெரியுது?” அண்ணி முறிந்த இடத்தில் டார்ச்சை அடித்தார்.

“காக்காக் கூட்டம் வந்து உக்காந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு.”

பொய்யில்லை. கேன்காரர் கைவேலை முழுவதும் அப்படித்தான் இருந்தது. கட்டி கட்டியாக, எச்சம் எச்சமாக.

“அந்த எச்சத்துக்கு அடியில?”

வாயாடி தலையைச் சாய்த்துப் பார்த்தான். முறிந்த விளிம்பில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. கிரைண்டர் போட்டு அரைத்த தடம். அது எச்சத்துக்கு அடியில் போய் மறைந்தது. மேலே கறுப்புப் பெயிண்ட்.

“முதல்ல அரைச்சாச்சு. அப்புறம் காக்கா உக்காந்தாச்சு. அதுக்கப்புறம் பெயிண்ட்” என்றார் அண்ணி. “மெக்கானிக் அரைச்சதைப் பாத்தார். மேல இருக்கறது யார் கைன்னு பாக்கல.”

தேய்ந்த இடத்துக்கு ஓரமாக, ஊசியால் குத்திய மாதிரி மூன்று புள்ளிகள், முக்கோணமாக. பெயிண்டுக்கு அடியிலும் பள்ளம் தெரிந்தது.

“வண்டிக்கு மூக்கு குத்தியிருக்காங்க போல.”

அண்ணி இடது பக்கத்துக்கு நகர்ந்தார். அங்கே சேஸிஸ் வளைந்திருந்ததே தவிர முறியவில்லை. வெளிப்பக்கத்து எச்சங்கள் எல்லாம் விட்டுப் போயிருந்தன. பிறகு எது தாங்கியது? அண்ணி சைலன்சர் குழாய்க்கு மேலே, கை நுழைவதே கடினமான சந்தில் டார்ச்சை நுழைத்தார். உள்பக்கத்தில் ஒரு தகடு. அதைச் சுற்றி ஒட்டு, மெஷின் தையல் மாதிரி, ஒரு நூல் பிசகாமல் ஓடியது. பக்கத்தில் அதே மூன்று புள்ளிகள்.

“போட்டோ எடு” என்றார் அண்ணி. குரல் மாறியிருந்தது. “ரெண்டையும் எடு. மணி என்ன?”

“பதினொண்ணு இருபத்தஞ்சு.”

“ஓடு.”

*

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு ஜன்னல் கேன்காரரின் கொட்டகையைப் பார்த்துத் திறந்திருந்தது. அல்லது அவர் திறந்து வைத்திருந்தார்.

“நான் பாத்ததை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு காலு. மஞ்சள் ஷூ. அது அவன் ஃபாக்டரி ஷூ. மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து நாலு மணி வரைக்கும். பளிச் பளிச்னு என் ஜன்னல் திரையெல்லாம் நீலம்.”

“சத்தம்?” என்றார் அண்ணி.

“என்ன சத்தம்?”

“கிரைண்டர் சத்தம்.”

“அது எனக்குத் தெரியாதா? அந்த வாரம் பூரா கேன்காரன் அரைச்ச அரைப்புல என் பல் செட்டே ஆடிப் போச்சு. சனிக்கிழமை...” ரேடியோ நிறுத்தினார். யோசித்தார். “சனிக்கிழமை கிரைண்டர் ஓடலியே. டொக்கு டொக்குனு சின்னச் சுத்தியல் சத்தம்தான். வெளிச்சம் மட்டும் இல்லேன்னா நல்லாத் தூங்கியிருப்பேன்.”

“நிச்சயமா?”

“அம்மா, காது எனக்கு இன்னும் கம்பெனி பார்ட்டு.”

“ஞாயித்துக்கிழமை?”

ரேடியோவின் முகம் வாடியது. “மக வீட்டுக்குப் போயிட்டேன். ஒரு நாள்தான் போனேன். அன்னிக்குத்தான் என்னமோ நடந்திருக்கு, இல்ல?”

தெருவுக்கு வந்ததும் வாயாடி சொன்னான். “அப்ப வெல்டர் ஒட்டினார், அரைக்கல. அரைச்சது வேற ஆளு.”

“அதை ஒரு ஜன்னல் சொன்னா கோர்ட் கேக்காது. அவரே சொல்லணும்.”

*

வெல்டர் தடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் கோர்ட்டுக்கான காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவசரத்தில் இருந்த மனிதர்.

“ஒண்ணரை மணி ஆச்சு மேடம். சீக்கிரம் கேளுங்க.”

“எதுக்கு அந்த வண்டிக்கு அடியில போனீங்க?” என்றார் அண்ணி.

“தங்கச்சி போட்டோ அனுப்பியிருந்தா. அவர் போட்ட ஒட்டெல்லாம். பாத்துட்டு ரெண்டு நாள் சோறு எறங்கல.” வெல்டர் சுவரிடமே பேசினார். “நேர்ல போனா மாப்பிள்ளை தொட விடமாட்டாரு. அதான் அவர் இல்லாதப்ப போனேன். துருவை அவரே அரைச்சுச் சுத்தமா வச்சிருந்தாரு, பெயிண்ட் அடிக்கல. முக்கியமான ரெண்டு இடம். வலப்பக்கம் அவர் தகட்டைத் தட்டி எடுத்துட்டு நான் தகடு வச்சேன், இடப்பக்கம் உள்ளே புதுசா ஒண்ணு போட்டேன்.”

“அப்புறம் எதுக்கு உங்க தப்புன்னு எழுதிக் குடுத்தீங்க?”

“நான் போட்ட எடம்தானே உடைஞ்சுது? ஒரு மனுஷன் சாகக் கிடக்கான். இதுல எனக்கு எதுக்கு வக்கீலு, வாதம்?”

“உடைஞ்சதை நீங்க பாத்தீங்களா?”

“அதை வேற பாக்கணுமா?”

அண்ணி கண்ணைக் காட்டினார். வாயாடி போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். வெல்டர் வேண்டா வெறுப்பாகப் பார்த்தார். பிறகு போனை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“இது யாரு போட்டது?”

“நீங்கதான்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்காங்க” என்றான் வாயாடி.

“இந்தக் கண்றாவியை நானா?” வெல்டர் எழுந்தே விட்டார். “சார், அந்தப் பேப்பரைக் குடுங்க. கொலைன்னு வேணாலும் எழுதிக்குங்க. இதை நான் போட்டேன்னு மட்டும் எழுதாதீங்க.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூட மறந்தார்.

“பக்கத்துல மூணு புள்ளி இருக்கே” என்றார் அண்ணி.

“அது என்னுதுதான். எங்க ஃபாக்டரில நாப்பது பேர் வெல்டிங் பண்றோம். ஆளாளுக்கு ஒரு அடையாளம். போட்ட ஒட்டுக்குப் பக்கத்துல பஞ்ச் உளி வச்சுத் தட்டணும். தப்பிருந்தா திரும்பி நம்மகிட்டயே வரும். இருபது வருஷமாக் கை தானாத் தட்டும்.”

“பாத்தீங்களா சார்?” வாயாடி மேஜையில் சாய்ந்தான். “கொலை பண்ண வந்தவன் கையெழுத்துப் போட்டுட்டா போவான்?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “சனிக்கிழமை கையெழுத்துப் போட்டவரு ஞாயித்துக்கிழமை மனசு மாறி வந்து அரைச்சிருக்கலாம். ஏன்யா, ஞாயிறு எங்க இருந்த?”

“ரூம்ல. தனியா.”

“பின்ன அரைச்சது யாரு?”

வெல்டர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். தேய்ந்த இரும்பு, அதற்கு மேல் காக்கா எச்சம். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை வாயாடியும் பார்த்தான். “மாப்பிள்...” என்று ஆரம்பித்தவர் வாயை இறுக மூடிக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நாலு மணிக்குத்தானே போகணும்? போலாம்.”

“தெரியாதாம்” என்றார் இன்ஸ்பெக்டர், ஒரு மாதிரியாக.

தங்கச்சி வாழ்க்கைக்காக இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போகவும் தயாராகிவிட்டார். இனி வாயைக் கடப்பாரை போட்டு நெம்பினாலும் திறக்காது. அந்த நேரத்தில் மேஜை போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் கேட்டார், வைத்தார்.

“கேன்காரர் கண் முழிச்சுட்டாராம்.”

*

ஜீப்பில் போகும்போது அண்ணி அவன் காதோரம் சொன்னார். “கொழுந்தனாரே, உங்க வாய்க்கு இன்னிக்கு ஒரு வேலை இருக்கு.”

பதினைந்து வருடத்தில் அண்ணி அந்த வாயை மூடச் சொன்னதுதான் உண்டு. வாயாடிக்குப் பயமே வந்துவிட்டது. அண்ணி என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதும் பயம் இன்னும் கூடியது.

கேன்காரருக்கு வலது கால் முழுக்க மாவுக்கட்டு, தலையில் பேண்டேஜ். டாக்டர் பத்து நிமிடம்தான் கொடுத்தார். கால்மாட்டில் தையல்காரி பிளாஸ்க்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். புருஷன் பிழைத்துவிட்டார் என்ற நிம்மதியும், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிற கண்ணுமாக.

இன்ஸ்பெக்டர் நேரடியாகக் கேட்டார். “வண்டி முறிஞ்ச எடத்துல யாரோ ஒட்டை அரைச்சு எடுத்திருக்காங்க. யாருன்னு தெரியுமா?”

கேன்காரரின் கண் ஒரு நொடி மனைவி பக்கம் போனது. பிறகு கூரைக்குப் போனது.

“எனக்கென்ன தெரியும்? வண்டிக்கு அடியில வந்து படுத்தவனைக் கேளுங்க.”

“உங்க மச்சானையா சொல்றீங்க?”

“வேற யாரு?”

தையல்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். “போதுமா மேடம்? மணி மூணு பத்து. நான் அவரைக் கூட்டிட்டுக் கிளம்பணும்.” திரைச்சீலையைத் தாண்டி வெளியே போனார். அண்ணியும் கூடவே போய், திரைக்கு அந்தப் பக்கம் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது வாயாடிக்கு மட்டும் தெரிந்தது.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இந்த ஒரு தடவை வாய் வேலை செய்யவில்லை என்றால் ஒரு நல்ல மனுஷன் உள்ளே போய்விடுவார்.

“அண்ணே, எவ்வளவு பெரிய கண்டம் தெரியுமா? வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா உங்க மச்சானுக்கு ஒரு மாலை போடுங்க.”

“அவனுக்கு எதுக்குய்யா?”

“பின்னே? வலது பக்கம் முறிஞ்சப்ப இடது பக்கமும் விட்டிருந்தா, எழுபது கேனும் கேபினுக்குள்ள வந்து உங்களை அப்பளம் ஆக்கியிருக்கும். உங்க ஒட்டெல்லாம் பொலபொலன்னு உதிர்ந்துருச்சு. தாங்கிப் பிடிச்சது அவர் போட்ட ஒட்டு. என்ன கை அண்ணே அது.”

“பொய்.” கேன்காரர் தலையைத் தூக்கினார். “தாங்கினது என் வேலை. அந்த வண்டில அவன் வேலை எதுவும் கெடையாது.”

“அதெப்படி? நாலு மணி நேரம் படுத்துப் போட்டிருக்காரே.”

“போட்டா? போட்டதை ஒரு பொட்டு விடாம நான்தான் அரைச்சு...”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கேன்காரர் அரை வாக்கியத்தோடு நின்றார். திரைச்சீலை விலகியது. இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார், நோட்டு திறந்திருந்தது.

அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து போனைக் காட்டினார். அவர் குரலில் கோபம் இல்லை.

“ஒண்ணை விட்டுட்டீங்க. சைலன்சர் குழாய்க்கு மேல, உள்பக்கம். உங்க கண்ணுக்குப் படல. அது ஒண்ணுதான் உங்களைக் காப்பாத்துச்சு.”

கேன்காரர் அந்தச் சீரான ஒட்டையும் பக்கத்திலிருந்த மூன்று புள்ளிகளையும் வெகுநேரம் பார்த்தார்.

“வெளிப்பக்கம் இந்தப் புள்ளியப் பாத்ததும்தான் வெறி வந்துச்சு” என்றார். “எனக்கு ஆணி அடிக்கத் தெரியாதுன்னு ஊர் முன்னாடி சொன்னவன். நான் இல்லாதப்ப வந்து, என் வேலையைத் திருத்திட்டு, அவன் பேரை வேற எழுதிட்டுப் போறான். ஞாயித்துக்கிழமை உக்காந்து அரைச்சேன். அவன் தகட்டைத் தட்டி எறிஞ்சுட்டு என் தகட்டையே மறுபடி வச்சேன். சார், நான் செத்தாலும் பரவால்லன்னு...”

“எழுதிக்கிட்டேன்” என்றார் இன்ஸ்பெக்டர் மெல்ல. ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். “கோர்ட் பேப்பரை அனுப்ப வேண்டாம். ஆமா. நிறுத்து.”

தையல்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் தப்பித்துவிட்டான். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அரைக்கும்போது உங்களுக்குத் தெரியலையா, அது நல்ல ஒட்டுன்னு?”

கேன்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தெரிஞ்சுது. அதை எடுக்கறதுக்குள்ள கிரைண்டர் கல்லு மூணு தேஞ்சு போச்சு.”

“திங்கக்கிழமை நானும் உங்க பக்கத்துல உக்காந்து வர்றதா இருந்துச்சு. தைச்ச துணியெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டேன். கடைசி நேரத்துல ஒரு பொண்ணு அவசரம்னு வந்து நின்னதால எறங்கினேன்.” அவள் குரல் உயரவில்லை. “முதல் கல்லு கோவத்துல போச்சுன்னு வச்சுக்கலாம். மூணாவது கல்லை மாட்டும்போதாவது என் நெனப்பு வரலையா உங்களுக்கு?”

கேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் பேண்டேஜில் இறங்கியது. அவள் துடைத்துவிடவில்லை. பிளாஸ்க்கை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி மேஜையில் வைத்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், எழுந்தாள்.

“வாங்க சார், போலாம்” என்றாள் இன்ஸ்பெக்டரிடம். “எங்கண்ணன் ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டார்.”